ஃபைவ் ஸ்பைஸ் பொடி: வீட்டில் அரைப்பதும் அளவறிந்து போடுவதும்

அன்னாசிப்பூ, சோம்பு, பட்டை, கிராம்பு. சீனர்களின் ஃபைவ் ஸ்பைஸ் பொடிக்குப் போகும் ஐந்து சரக்கில் நான்கு ஏற்கெனவே நம் அடுக்களையில் இருக்கின்றன. அதனாலேயே பலர் இதை வீட்டில் அரைக்கத் துணிகிறார்கள். அதனாலேயே பலருக்கும் கடைசியில் கிடைப்பது பெயர் மாறிய கரம் மசாலாதான். ஐந்தாவது சரக்கான சிச்சுவான் மிளகைக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவது ஒரு காரணம். கிராம்பைப் பிரியாணிக் கைப்பழக்கத்தில் அள்ளிப் போட்டுவிடுவது இன்னொன்று. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மீதி வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அரைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது சீனா முழுவதும் எல்லாச் சட்டியிலும் விழும் பொடி அல்ல. இதன் மணம் அதிகம் வீசுவது குவாங்டாங், ஃபூஜியன், தைவான் பக்கத்துச் சமையலில்: வாட்டிய வாத்து, வாட்டிய பன்றி இறைச்சி, சோயா சாஸில் நெடுநேரம் கொதித்த இறைச்சி, பொரித்த கோழித் துண்டுகள். ஃபூஜியனிலிருந்து கடல் கடந்து போனவர்கள் இதைச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கொண்டுபோனார்கள். அங்குள்ள உணவங்காடிகளில் சோயாத் தோலில் இறைச்சியைச் சுருட்டிப் பொரித்து விற்கும் ‘ங்கோ ஹியாங்’ இந்தப் பொடியின் மணத்தால்தான் நிற்கிறது. நம் ஊர் சில்லி சிக்கனிலும் கோபி மஞ்சூரியனிலும் இது கிடையாது. சீனச் சமையல் என்ற பெயருக்காக அவற்றில் தூவிப் பார்க்க வேண்டாம், நன்றாக இருக்காது.

சரக்கு வாங்கும்போது

இந்தப் பொடியில் அன்னாசிப்பூதான் தலைமை. பிரியாணிக்கு ஒன்றிரண்டு போட்டு நிறுத்துவோம். இங்கே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு இதுவே. மணம் இருப்பது பெரும்பாலும் இதழ் போன்ற ஓட்டில்தான், உள்ளே மின்னும் விதையில் குறைவு. ஆகவே விதை உதிர்ந்த பூவாக இருந்தால் கவலையில்லை. ஒரு இதழை ஒடித்து முகர்ந்து பாருங்கள். இனிப்பான சோம்பு வாசம் உடனே வர வேண்டும். வராவிட்டால் பழைய சரக்கு.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜப்பானில் ஊதுவத்திக்கும் வழிபாட்டுக்கும் பயன்படும் ‘ஷிகிமி’ என்ற மரத்தின் காயும் பார்க்க இப்படியே இருக்கும், அது நஞ்சு. அமெரிக்காவில் அன்னாசிப்பூத் தேநீர் குடித்துச் சிலருக்கு வலிப்பு வந்ததையடுத்து, 2003இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்தத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தது. ஷிகிமி காய் கொஞ்சம் சிறியது, சோம்பு வாசம் இல்லாதது என்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. சமையலுக்கென்று விற்கும் மளிகைக் கடையில் வாங்குங்கள், அலங்காரப் பொருள் கடையில் வேண்டாம். கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்று இதைக் கொதிக்க வைத்துக் கொடுக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சோம்பு: வாய்க்குப் போட்டு மெல்லும் மெல்லிய பச்சைச் சோம்பு வேண்டாம், குழம்புக்கு அரைக்கும் பருமனான சோம்பு போதும். இலங்கைக் கடைகளில் இதைத்தான் பெருஞ்சீரகம் என்று கேட்க வேண்டும். அன்னாசிப்பூவுக்கும் சோம்புக்கும் தாவர வகையில் உறவில்லை. ஆனால் இரண்டின் வாசத்துக்கும் காரணம் அனெத்தோல் என்ற ஒரே பொருள். அன்னாசிப்பூ அதை ஓங்கிச் சொல்லும். சோம்பு அதை மெதுவாக்கி நீட்டித் தரும்.

பட்டை: தமிழ்நாட்டு மளிகைக் கடையில் தடித்து, முரடாக, ஒற்றை மடிப்பாகக் கிடைக்கும் பட்டை பெரும்பாலும் காசியா. நமக்கு வேண்டியதும் அதுவே. சீனர்கள் பயன்படுத்துவதும் காசியா வகைதான். பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடையும் இலங்கைக் கறுவாப்பட்டை உயர்ந்த சரக்கு, ஆனால் இந்தப் பொடிக்கு அது ரொம்பச் சாது. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

கிராம்பில் பார்க்க வேண்டியது தலையிலுள்ள மொட்டு உதிராமல் இருக்கிறதா என்பதை மட்டும்.

ஐந்தாவது சரக்கு

சிச்சுவான் மிளகுக்கும் நம் மிளகுக்கும் உறவில்லை. அது எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பம். முட்செடியில் காய்க்கும் சின்னஞ்சிறு காயின் தோல்தான் சரக்கு. காய்ந்ததும் அது வாய் பிளந்து, உள்ளிருக்கும் கறுப்பு விதையைத் துப்பிவிடும். சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் வட்டாரத்து மிளகுக்குப் பழங்காலத்திலிருந்தே பெயர். அரசவைக்குக் காணிக்கையாகப் போன சரக்கு என்பார்கள்.

வாயில் போட்டால் முதலில் எலுமிச்சைத் தோல் மணம், பிறகு உதட்டிலும் நாக்கிலும் ஒரு நடுக்கம், பிறகு மரப்பு. காரம் என்று சொல்ல முடியாது. சான்ஷூல் என்ற பொருள் தொடுவுணர்வு நரம்புகளையே தூண்டிவிடுகிறது. 2013இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் உதட்டில் இதைத் தடவி, விரலில் தரும் அதிர்வோடு ஒப்பிடச் சொல்லிப் பார்த்ததில், அந்த நடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளுக்குச் சமமாக இருந்தது. நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணும் அதே 50தான் என்பது தற்செயல், ஆனாலும் நினைத்துச் சிரிக்கலாம்.

ஐந்து பொடியாகச் சேரும்போது இந்த மரப்பு தனியாகத் தெரியாது. இனிப்பு மணமுள்ள மற்ற நான்கும் ஒன்றாகச் சேர்ந்து திகட்டாமல், நடுவில் ஒரு கூர்மையை வைப்பதுதான் இதன் வேலை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிரியாணி வாசம்.

எங்கே கிடைக்கும்? இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொரண்டோ என்று எங்கிருந்தாலும் சீன மளிகைக் கடைக்குப் போனால் போதும். சிவப்பு, பச்சை என இரண்டு வகை இருக்கும், இதற்குச் சிவப்பு. இந்தியாவில் ‘செஷ்வான்’ என்று எழுதி விற்கும் சாஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மிளகாயும் பூண்டும், இந்த மிளகு அதில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

அதற்கு மாற்று நம் பக்கத்திலேயே உண்டு. நேபாளத்தில் டிம்முர், கொங்கணக் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பால் இரண்டும் ஒரே இனத்து உறவுகள். டிம்முரில் புளிப்புப் பழ வாசம் தூக்கலாக இருக்கும், அளவைச் சற்றுக் குறைக்கலாம். திர்பாலில் ஓடு பருமன். விதையைக் கட்டாயம் நீக்க வேண்டும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் கருமிளகோடு வெயிலில் காயவைத்த ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் சேர்க்கலாம். மரப்பு வராது, மணம் ஓரளவு பக்கத்தில் வரும்.

அளவு

சமையலறைத் தராசு இருந்தால் எடையைப் பின்பற்றுங்கள். பூவும் பட்டையும் ஒன்று போல் ஒன்று இருக்காது, கரண்டிக் கணக்கு ஏமாற்றும்.

அன்னாசிப்பூ 10 கிராம் (ஏழெட்டுப் பூ)
சோம்பு 6 கிராம் (1 மேசைக்கரண்டி)
பட்டை 6 கிராம் (விரல் நீளத்தில் இரண்டு துண்டு)
சிச்சுவான் மிளகு, சுத்தம் செய்த பிறகு 5 கிராம் (1 மேசைக்கரண்டி)
கிராம்பு 2 கிராம் (1 தேக்கரண்டி, குவிக்காமல்)

மொத்தம் 29 கிராம். சலித்த பிறகு சுமார் 25 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டி வரும். நால்வர் கொண்ட வீட்டுக்கு இதுவே மூன்று மாதத்துக்குக் காணும். மலிவாக இருக்கிறதே என்று இரட்டிப்பாக அரைக்காதீர்கள். பாதிப் பொடி மணமிழந்துதான் குப்பைக்குப் போகும்.

ஐந்து என்பது கல்லில் வெட்டிய கணக்கும் அல்ல. சீனாவிலேயே சிலர் வெண்மிளகு சேர்ப்பார்கள். சிலர் சுக்கு, அதிமதுரம், காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்ப்பார்கள். ஹெனான் மாகாணத்திலிருந்து வரும் வாங் ஷோயி நிறுவனத்தின் புகழ்பெற்ற பொடிக்குப் பெயரே ‘பதின்மூன்று மணம்’. முதல் முறை ஐந்தோடு நில்லுங்கள். அந்த வாசம் மனதில் பதிந்த பிறகு உங்கள் விருப்பம்.

வறுப்பதும் அரைப்பதும்

முதல் வேலை சிச்சுவான் மிளகைப் பொறுக்குவது. வெள்ளைத் தட்டில் பரப்பி, கறுப்பு விதை, காம்பு, முள் மூன்றையும் எடுத்துவிடுங்கள். விதையில் மணமில்லை, அரைத்தால் பொடியில் மணல் கடிக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப்போக வழியில்லை. நல்ல தரமான சரக்கில் விதை குறைவாக இருக்கும், கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்குவது லாபம்.

பட்டையையும் அன்னாசிப்பூவையும் இடிகல்லிலோ, துணியில் சுற்றிக் குழவியால் தட்டியோ, மிளகளவு துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். முழுதாக மிக்ஸியில் போட்டால் கத்தி திணறும். பட்டை கடைசிவரை சிராய்களாகவே நிற்கும்.

அடி கனமான வாணலியைச் சிறு தீயில் வையுங்கள், எண்ணெய் வேண்டாம். உடைத்த பட்டை, அன்னாசிப்பூ முதலில். இரண்டு நிமிடம் கிளறுங்கள். அடுத்து சோம்பு, ஒரு நிமிடம். சோம்பு லேசாக நிறம் மாறத் தொடங்கும்போது சிச்சுவான் மிளகையும் கிராம்பையும் போட்டு, அரை நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் மிளகு கருகும், கருகினால் கசக்கும். சாம்பார்ப் பொடிக்கு வறுப்பது போல் சிவக்க வறுக்கத் தேவையில்லை. ஈரம் போய் வாசம் எழுந்தால் போதும். வறுக்காமலேயே அரைப்பவர்களும் உண்டு. ஆனால் நம் ஊர் மழைக்காலத்துச் சரக்கு ஈரப்பதத்தோடு இருக்கும், சூடு காட்டினால்தான் நைசாக அரைபடும்.

முழுக்க ஆறட்டும், இருபது நிமிடமாவது. வெதுவெதுப்பாக அரைத்தால் ஜாரில் வியர்த்துப் பொடி கட்டிபிடிக்கும்.

மிக்ஸியின் ஆகச் சிறிய ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள், நடுநடுவே ஓரத்தை வழித்துவிடுங்கள். அரைத்ததும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். உள்ளே பறக்கும் தூள் படிய வேண்டும், இல்லாவிட்டால் தும்மித் தீராது. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, கப்பியை ஒரு தடவை மறுபடி அரைத்துச் சலியுங்கள். அதற்கு மேலும் நிற்கும் கப்பியை எறிய வேண்டாம். எலும்புச் சாறு கொதிக்கும்போது சிறு துணி முடிச்சில் கட்டிப் போடலாம். ஜாரில் ஒட்டிய வாசத்தைப் போக்க ஒரு கைப்பிடிப் பச்சரிசியைப் போட்டு ஓட்டுங்கள். மறந்துவிட்டால் மறுநாள் தேங்காய்ச் சட்னியில் அன்னாசிப்பூ மணக்கும்.

கண்ணாடிச் சீசாவில் போட்டு, தேதி எழுதி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கிராம்பு வாசம் அதில் ஏறினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

சரிபார்த்தல்

பொடியை அப்படியே நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கசப்பும் மரப்பும்தான் தெரியும். ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு சொட்டு சூடான எண்ணெய் கலந்து, அதில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டு நக்கிப் பாருங்கள். முதலில் அன்னாசிப்பூவின் இனிப்பு வர வேண்டும், பட்டை அதன் பின்னால், கடைசியில் மெல்லிய எலுமிச்சைக் கூர்மை. முதல் வாசமே பல்வலி மருந்தை நினைவூட்டினால் கிராம்பு மிஞ்சிவிட்டது. சோம்பும் அன்னாசிப்பூவும் இன்னும் கொஞ்சம் அரைத்துச் சேருங்கள். பாயசம் போல் இனித்துக் கிடந்தால் சிச்சுவான் மிளகு போதவில்லை.

எவ்வளவு, எப்போது

அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி. முதல் முறை கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். குழம்புப் பொடி போடும் கை இதற்கு ஆகாது. அளவு தாண்டினால் சாப்பாடு சோப்பு மணக்கும், அதை மீட்க வழியில்லை.

இந்தப் பொடி தனியாக நிற்காது. உப்பு, இனிப்பு, கொழுப்பு மூன்றும் கூட இருந்தால்தான் அதன் மணம் திறக்கும். வாத்து, பன்றி, தோலோடு கூடிய கோழித்தொடை ஆகியவற்றோடு அது ஒட்டிப்போவதற்கும், ஆவியில் வேகவைத்த மீனோடு ஒட்டாமல் போவதற்கும் இதுவே காரணம். சைவத்தில் டோஃபு, கத்தரிக்காய், காளான் ஆகியவற்றுக்கு நன்றாகச் சேரும், எண்ணெய் மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்ற வேண்டும்.

ஊறவைக்கும் கலவையில் முதலிலேயே சேருங்கள், கடைசியில் பச்சையாகத் தூவினால் புழுதி போல் நிற்கும். பொரித்ததன் மேல் தூவ வேண்டுமானால் உப்போடு கலந்து தூவலாம். மொறுமொறு தோலோடு பன்றி வயிற்றிறைச்சி வாட்டும் குவாங்டாங் சமையற்காரர்கள், இறைச்சிப் பக்கத்தில் மட்டும் பொடியைத் தேய்ப்பார்கள். தோலில் உப்பு மட்டும்தான். அந்த உச்சச் சூட்டில் தோலின் மேலுள்ள பொடி கருகிவிடும்.

சாறு, குழம்பு போன்று நீரில் நெடுநேரம் கொதிப்பவற்றுக்குப் பொடியே வேண்டாம், அதே சரக்கை முழுதாகப் போடுங்கள். பொடி போட்டால் சாறு கலங்கும், அடியில் சேறு தங்கும்.

முதலில் செய்து பார்க்க

எளிதானது உப்பு. மூன்று மேசைக்கரண்டித் தூளுப்பை வெறும் வாணலியில் சூடேற்றி, அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கலக்குங்கள். பொரித்த கோழி, பொரித்த டோஃபு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை எதற்கும் ஆகும். தைவான் இரவுச் சந்தைகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் புரட்டிப் பொரிக்கும் கோழித் துண்டுகளின் மேல் இந்த மாதிரி மிளகுப்பொடி உப்பைத் தூவி, கூடவே துளசி இனத்து இலையைப் பொரித்துப் போட்டுத் தருவார்கள்.

அடுத்தது வாட்டிய கோழித்தொடை. தோலோடு அரைக் கிலோ எடுத்து, லைட் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி, நசுக்கிய பூண்டு மூன்று பல், நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, பொடி அரைத் தேக்கரண்டி சேர்த்துப் பிசறி, நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். தனியாக உப்பு வேண்டாம். சீனர்கள் வறுத்த எள்ளின் எண்ணெயை விடுவார்கள். அதன் வாசம் வேறு, கிடைத்தால் அதையே விடுங்கள். 200 டிகிரி ஓவனில் 35 நிமிடம்; கடைசிப் பத்து நிமிடத்தில் தேன் தடவுங்கள், முன்பே தடவினால் கருகும். ஓவன் இல்லாவிட்டால் தோல் பக்கம் கீழே இருக்கத் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்துச் சுடலாம். சோற்றோடும் வெள்ளரிக்காயோடும் சாப்பிடுங்கள். தக்காளி கெட்சப் வேண்டாம்.

தேநீர் முட்டைக்குப் பொடி வேண்டாம், முழுச் சரக்கு வேண்டும். எட்டு முட்டையை எட்டு நிமிடம் அவித்து, கரண்டியால் ஓடு முழுக்க விரிசல் விழத் தட்டுங்கள், உரிக்காதீர்கள். முட்டை மூழ்கும் அளவு நீரில் கறுப்புத் தேயிலை 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, அன்னாசிப்பூ இரண்டு, பட்டை ஒரு துண்டு, சோம்பு, சிச்சுவான் மிளகு அரைத் தேக்கரண்டி வீதம், கிராம்பு இரண்டே இரண்டு. அரை மணி நேரம் சிறு தீயில் கொதித்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறினால், உரிக்கும்போது வெள்ளைக்கருவில் பழுப்புக் கோடுகள் வலைபோல் ஓடியிருக்கும். தைவானில் ஒவ்வொரு செவன் இலெவன் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் இது சூடாகக் காத்திருக்கும்.

முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு வேர்க்கடலை. நாம் உப்பு மட்டும் போட்டு அவிப்பதைச் சீனர்கள் இந்தச் சரக்குகளைப் போட்டு அவிக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். அரைக் கிலோ பச்சைக் கடலையை ஓட்டோடு மண்போகக் கழுவி, ஒவ்வொன்றின் முனையையும் லேசாக அழுத்தி வாய் பிளக்கவிடுங்கள். அன்னாசிப்பூ மூன்று, பட்டை ஒரு துண்டு, சோம்பு, சிச்சுவான் மிளகு ஒரு தேக்கரண்டி வீதம், கல்லுப்பு 2 மேசைக்கரண்டி, மூழ்கும் அளவு தண்ணீர். குக்கரில் நான்கு விசில். கிராம்பே வேண்டாம். ஆவி அடங்கியதும் வடிக்காதீர்கள், அதே தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் கிடக்கட்டும். அப்போதுதான் உப்பும் மணமும் ஓட்டைத் தாண்டிப் பருப்புக்குள் இறங்கும்.